மறைந்த தொலைக்காட்சிக் கலைஞரின் பெயரில் அறக்கட்டளை: ஜானி கார்சன் வழி சித்தூர் தாலுகாவுக்குப் பொருந்துமா?

கேள்வி (கேரளம், பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறையிலிருந்து):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சித்தப்பா கோயில் திருவிழா மேடைகளில் பலகுரல் கலைஞராகத் தொடங்கி, பிறகு தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழித் தொலைக்காட்சிகளிலும் நகைச்சுவை நிகழ்ச்சிகள் நடத்திவந்தவர். மணம் செய்துகொள்ளாதவர். சென்ற ஆண்டு காலமானார். தமது தென்னந்தோப்பையும் வங்கி வைப்புத் தொகையையும் எல்லைப்புறத்தில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளின் மேற்படிப்புக்கும் நாடகப் பயிற்சிக்கும் செலவிட வேண்டும் என்று உயில் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் பெற்றிருக்கிறார். அண்ணன் பிள்ளைகளாகிய எங்களில் பெரும்பாலோருக்கு இதில் முழுச் சம்மதம். ஆனால் உயில் எழுதிய ஐந்தாம் மாதமே அவர் இறந்துவிட்டதால், கிறிஸ்தவர்கள் விஷயத்தில் அப்படிப்பட்ட உயில் அறச்செயலுக்குச் செல்லாது என்று உறவினர் ஒருவர் சொல்லி வருகிறார்.

அமெரிக்கத் தொலைக்காட்சிக் கலைஞர் ஜானி கார்சன் மறைந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அவருடைய அறக்கட்டளை உதவி செய்துகொண்டிருப்பதாகப் படித்தேன். அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் என்பது தெரியும். எனினும், கலைஞரை மக்கள் மறந்த பின்னும் அவருடைய கொடை நிற்பதற்கு அங்கே என்ன ஏற்பாடு இருக்கிறது, அதில் எதை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிய விரும்புகிறேன். அறங்காவலர்கள் நடத்தும் டிரஸ்ட் எழுதுவதா, உறுப்பினர்கள் சேர்ந்த சங்கமாகச் சொசைட்டி பதிவதா என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (பாலக்காடு, வழக்குரைஞர்):

உங்கள் உறவினர் சொல்வது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 118ஆம் பிரிவின்படி, உடன்பிறந்தவரின் பிள்ளைகளோ அவர்களைவிட நெருங்கிய உறவினரோ உள்ள ஒருவர் சமயம் அல்லது அறம் சார்ந்த காரியத்துக்குச் சொத்து எழுதிவைத்தால், அந்த உயில் அவர் இறப்பதற்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே எழுதப்பட்டதாகவும், எழுதிய ஆறு மாதங்களுக்குள் சட்டம் காட்டும் இடத்தில் ஒப்படைக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டியிருந்தது. நடைமுறையில் இந்தத் தடை கிறிஸ்தவர்களை மட்டுமே கட்டியது. கேரளத்தைச் சேர்ந்த பாதிரியார் ஜான் வள்ளமட்டம் தொடுத்த வழக்கில், இது அரசமைப்பின் 14ஆம் உறுப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2003இல் அந்தப் பிரிவையே செல்லாததாக்கியது. ஆகவே ஐந்து மாதக் கணக்கைக் காட்டி யாரும் உயிலை முறிக்க முடியாது. சாட்சிகள் இருவரும் நலமாக இருக்கும்போதே அவர்கள் வாக்குமூலத்துக்கு வழி செய்துகொள்ளுங்கள். வழக்கு என்று வந்தால் சண்டை அங்கேதான் நடக்கும்.

டிரஸ்டா, சொசைட்டியா என்ற கேள்வியில் எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பாலக்காட்டின் பெரும்பகுதி பழைய மலபார், அதாவது சென்னை மாகாணம். சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானம். அதனால் மலபார் பகுதியில் சொசைட்டி பதிபவர்கள் 1860ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படியும், கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டப்படியும் பதிய வேண்டும். கோயம்புத்தூரில் யாரோ எழுதித் தந்த மாதிரி விதிமுறைகளை அப்படியே நகலெடுத்துக்கொண்டு வருபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

என் கருத்தில் உங்களுக்கு டிரஸ்டே போதும். சொசைட்டி என்றால் உறுப்பினர், தேர்தல், ஆண்டுப் பொதுக்குழு என்று ஆகி, நாளடைவில் நிலம் யாருக்குரியது என்பதே கேள்வியாகிவிடும். கேரளத்தில் மகாராஷ்டிரத்தைப் போல அறக்கட்டளை ஆணையர் கிடையாது; பொது அறக்கட்டளைகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. தவறு நடந்தால், அக்கறை உள்ள இருவர் சேர்ந்து நீதிமன்ற அனுமதி பெற்று, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடுப்பதுதான் வழி. மேலே பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் ஆதாரத்தில் (டிரஸ்ட் பத்திரத்தில்) எழுதும் வாசகமே காவல் என்பதை நினைவில் வையுங்கள்.

மறுமொழி 2 (வாளையார், கணக்குத் தணிக்கைத் தொழிலில் இருப்பவர்):

கார்சனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1962 முதல் 1992 வரை முப்பது ஆண்டுகள் அமெரிக்காவின் இரவு நேரத் தொலைக்காட்சியை ஆண்டவர் அவர். 1981இல் ஜான் டபிள்யூ. கார்சன் அறக்கட்டளையைத் தொடங்கினார். குழந்தைகள், கல்வி, மருத்துவம் ஆகியவை அதன் நோக்கங்கள். 2005 ஜனவரியில் அவர் இறந்த பிறகு, அவர் முன்பே அமைத்திருந்த சொந்த டிரஸ்டிலிருந்து 15.6 கோடி டாலர் தனது கணக்குக்கு வந்ததாக 2010இல் அறக்கட்டளை தெரிவித்தது. அதுவரை அந்தத் தொகை பலருக்குத் தெரியாது. அறக்கட்டளை பேட்டி கொடுத்து அதை வெளியிடவில்லை என்பதையும் கவனியுங்கள். அங்கே தனியார் அறக்கட்டளை ஒவ்வொன்றும் 990–பிஎஃப் என்ற ஆண்டறிக்கையை வரித்துறைக்குத் தர வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எவ்வளவு வந்தது, யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், அறங்காவலர்களுக்கு ஊதியம் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும்.

இனி, நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கத் தனியார் அறக்கட்டளை ஆண்டுதோறும் தன் முதலீட்டுச் சொத்து மதிப்பில் ஏறத்தாழ 5 சதவீதத்தை அறச்செயலுக்குச் செலவிட்டே ஆக வேண்டும். தவறினால் தண்ட வரி. 15.6 கோடி டாலருக்கு 5 சதவீதம் என்றால் 78 லட்சம் டாலர். முதலீடு அதைவிடக் கூடுதலாக ஈட்டினால் முதல் வளரும். குறைவாக ஈட்டினாலும் கொடுத்தாக வேண்டும். சொத்தைத் தூங்கவிட முடியாது.

நம் நாட்டில் கணக்கு வேறு. வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும். மீதி 15 சதவீதத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த விதி வருமானத்தைத்தான் பார்க்கிறது, சொத்தைப் பார்ப்பதில்லை. தோப்பைக் கவனிக்காமல் போட்டுவிட்டு, குறைந்த குத்தகைக்கு ஒருவரிடம் விட்டு, ஆண்டுக்கு நான்கு பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாலும் சதவீதக் கணக்கு சரியாகத்தான் இருக்கும். அந்தக் குத்தகைதாரர் அறங்காவலரின் மைத்துனராக இருந்துவிடுவதும் உண்டு. சொந்தக்காரருக்குச் சலுகை காட்டினால் வரிவிலக்குப் பறிபோகும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அதை யாராவது கேட்டால்தானே.

ஆகவே ஆதாரத்திலேயே உங்களுக்கென்று ஒரு விதி எழுதுங்கள். தோப்பின் மர வாடகையும் தேங்காய்க் குத்தகையும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பலரிடம் விலை கேட்ட பிறகே முடிவு செய்யப்பட வேண்டும். அறங்காவலரோ அவருடைய உறவினரோ குத்தகை எடுக்கக் கூடாது. ஆண்டு வரவு செலவை ஊர் வாசகசாலையின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். 990–பிஎஃப் நம்மிடம் இல்லை என்றால், வாசகசாலைப் பலகை இருக்கிறது.

மறுமொழி 3 (தேவிகுளம், ஓய்வுபெற்ற தமிழாசிரியை):

மேலே இரண்டு ஐயாக்களும் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கார்சன் கதையின் இன்னொரு பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அவர் கொடுத்த பெரிய தொகைகளில் பல, ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருந்த நிறுவனங்களுக்குள் போனவை. தாம் படித்த நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் நாடகத் துறைக்கு 2004 நவம்பரில் 53 லட்சம் டாலர் அறிவித்தார். இன்று அது அவர் பெயரைத் தாங்கிய நாடக, திரைப்படப் பள்ளி. வளர்ந்த ஊரான நார்ஃபோக்கில் புற்றுநோய்ச் சிகிச்சை மையத்துக்கும், உயர்நிலைப் பள்ளி அரங்கத்துக்கும், ஊர் அருங்காட்சியகத்துக்கும் கொடுத்திருக்கிறார். தமக்குப் பிடித்த ஆசிரியையைச் சிறப்பிக்கும் வகையில் அங்குள்ள கல்லூரியின் கற்றல் மையத்துக்கு அவர் கொடுத்ததைப் படித்தபோது, ஓர் ஆசிரியையாக எனக்குச் சற்றுப் பொறாமைகூட வந்தது. புதிதாக அலுவலகம் கட்டி மேலாளரை அமர்த்தும் வேலையை அவர் பெரும்பாலும் பிறருக்கு விட்டுவிட்டார்.

எங்கள் மலைப்பக்கத்திலும் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று மூன்று நான்கு அறக்கட்டளைகளை நல்ல மனதோடு தொடங்கினார்கள். முதல் ஆண்டு விழா, இரண்டாம் ஆண்டு பரிசளிப்பு, அதன் பிறகு கணக்கு எழுத ஆளில்லை. வங்கியில் பணம் கிடக்கிறது, கையெழுத்துப் போட வேண்டிய இருவர் ஒருவருக்கொருவர் பேசுவதில்லை. ஒரு தோப்பும் ஒரு வைப்புத் தொகையும் தனி அறக்கட்டளையின் தணிக்கைச் செலவையும் வரிக்கணக்குச் செலவையும் தாங்குமா என்று முதலில் பாருங்கள். தாங்காது என்றால், சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு உங்கள் சித்தப்பா பெயரில் ஒரு நிதி வைப்பது எளிது.

நாகர்கோவில் கலைவாணரை நினைத்துப் பார்க்கிறேன். அந்த ஊர் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. வந்தவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள், 1957இல் மறைந்தார். அவர் கொடுத்தது பெற்றவர் வீட்டில் தங்கியது. தொடர்ந்து கொடுக்க ஒரு முதல் தங்கவில்லை. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் உங்கள் சித்தப்பா தோப்பை விற்றுக் கொடுங்கள் என்று எழுதாமல், அதிலிருந்து செலவிடுங்கள் என்று எழுதியிருந்தால், அவர் விரும்பியது தொடர்ந்து வரும் கொடையைத்தான். உயிலின் வாசகத்தை மறுபடி படித்துப் பாருங்கள்.

கேட்டவர்:

மூவருக்கும் மிக்க நன்றி. உயிலில் “தோப்பின் ஆதாயத்திலிருந்து” என்றே இருக்கிறது, அம்மா. ஆகவே நிலத்தை விற்கும் பேச்சு இனி வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். நாடகப் பயிற்சிக்குத் தோப்பின் கீழ்ப்புறத்தில் ஒரு சிறு கூடம் கட்டலாம் என்று தம்பி சொல்கிறான். அதில் சட்டச் சிக்கல் உண்டா? சித்தப்பாவின் பெயரை வைப்பதற்கு ஏதேனும் தடை உண்டா?

மறுமொழி 1 (பாலக்காடு, வழக்குரைஞர்):

பெயர் வைக்கத் தடை இல்லை. கூடம் பற்றித்தான் நிதானம் வேண்டும். வில்லேஜ் ஆபீஸில் அடிப்படை வரிப் பதிவேட்டைப் பாருங்கள். இப்போது தென்னை நிற்கிறது என்றாலும், பதிவேட்டில் கீழ்ப்புறம் “நிலம்” என்று, அதாவது நெல்வயல் என்று, இருக்கலாம். எங்கள் பக்கத்தில் வயலை மேடாக்கித் தென்னை வைத்தவர்கள் ஏராளம். அப்படி இருந்து, 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி தயாரான டேட்டா பேங்க் பட்டியலிலும் அந்தச் சர்வே எண் ஏறியிருந்தால், கட்டட அனுமதி கிடைக்காது. “புரயிடம்” என்று, அதாவது வீடு கட்டத்தக்க மேட்டு நிலம் என்று, இருந்தால் கவலையில்லை. இதைப் பார்க்காமல் ஆதாரத்தில் “கூடம் கட்டி நடத்துவது” என்பதை முதன்மை நோக்கமாக எழுதிவிட்டால், பிறகு நோக்கத்தை மாற்ற நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும். “நாடகப் பயிற்சி அளித்தல்” என்று மட்டும் எழுதுங்கள். பள்ளிக்கூடத் திண்ணையிலும் பயிற்சி நடக்கும்.

அறங்காவலர் ஐவர் இருந்தால், குடும்பத்துக்கு இருவர் போதும். மற்ற மூவரில் ஒருவர் தமிழ் வழிப் பள்ளி ஆசிரியராக இருப்பது நல்லது. ஓர் இடம் காலியானால் எத்தனை நாளுக்குள், யார் நிரப்ப வேண்டும் என்பதை ஆதாரத்திலேயே எழுதுங்கள். பதிவு முடிந்ததும் வரித்துறைப் பதிவுக்கு முன்பே போக்குவரவு (வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றம்) செய்து, கர (நிலவரி) ரசீதை டிரஸ்டின் பெயரில் வாங்கிவிடுங்கள்.