பழைய கிரெல் கேஎஸ்ஏ-50 வாங்கலாமா, புதிய கிளாஸ் டி போதுமா?

மாலைராகம்:
வணக்கம். தெரிந்தவர் ஒருவர் தன் கிரெல் கேஎஸ்ஏ-50 ஆம்பை (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்) விற்கிறார். 1980களில் வந்த கிளாஸ் ஏ ஆம்ப், உள்ளே எந்த பாகத்தையும் மாற்றியதே இல்லையாம். ஏறக்குறைய அதே விலைக்கு பியூரிஃபை நிறுவனத்தின் கிளாஸ் டி மாட்யூல் (வேகமாக ஆன்-ஆஃப் ஆகி, கரண்டை வீணாக்காமல் ஓடும் வகை) போட்ட புது ஆம்ப் கிடைக்கிறது. என் ஸ்பீக்கர் 4 ஓம், சென்சிடிவிட்டி குறைவு, அதாவது சத்தம் வர அதிக பவர் வேண்டும். பழைய ஆம்பில் இருக்கும் உயிர் புதியதில் வராது என்கிறார்களே, உண்மையா?

சாலிடர்புகை:
எதையும் மாற்றவில்லை என்பதுதான் உறுத்துகிறது. கிளாஸ் ஏ என்றால் பாட்டு ஓடாதபோதும் டிரான்சிஸ்டர்களில் கரண்ட் ஓடிக்கொண்டே இருப்பதால் முழுச் சூட்டில் இருக்கும், அந்தச் சூட்டிலேயே கிடந்து பவர் சப்ளையின் எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டர்கள் காய்ந்துவிடும், அப்புறம் ஹம் என்ற இரைச்சல் கேட்கும், பாஸ் தளர்ந்துவிடும். வாங்குவதற்கு முன் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஆம்ப் நன்றாகச் சூடானதும் அவுட்புட்டில் டிசி எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட்டைத் தாண்டினால் சர்வீஸ் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். மற்றபடி அருமையான டிசைன், 8 ஓமில் 50 வாட், 4 ஓமில் இரட்டிப்பாகும்.

டெசிபல்:
நல்ல நிலையில் இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர் ஆம்ப்களை, கிளிப் ஆகாத (பவர் போதாமல் ஒலி சிதையாத) அளவில், ஒரே சத்தத்துக்குச் சமப்படுத்தி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டால் பெரும்பாலும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அரை டெசிபல் கூடினாலே காதுக்கு அதுதான் நல்ல ஆம்ப் என்று தோன்றும். 1975இல் வந்த குவாட் 405 ஆம்பின் டிஸ்டார்ஷனே (ஒலிச் சிதைவு) காதுக்கு எட்டாத அளவுதான். 2019இல் ஆம்ப் வடிவமைப்பாளர் புருனோ புட்சேஸும் குழுவும் கொண்டுவந்த பியூரிஃபை அதையும் பல மடங்கு குறைத்தது, ஆனால் அந்த வித்தியாசம் மீட்டருக்குத்தான் தெரியும். கரண்ட் பில்லிலும் அறைச் சூட்டிலும் கிடைக்கும் லாபம் உங்களுக்கே தெரியும். புதியதை வாங்குங்கள், சர்வீஸிலும் கரண்டிலும் மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

வால்வுக்காதலன்:
டிரான்சிஸ்டருக்கு ஒத்துக்கொள்கிறேன். வால்வு ஆம்ப் கதை வேறு, பலவற்றில் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்பின் அவுட்புட்டில் உள்ள மின்தடை) அதிகம், அதனால் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஏறி இறங்குவதற்கு ஏற்ப டோனே மாறும், அது காதுக்கு நன்றாகவே தெரியும். இன்னொன்று, கிரெல்லில் எது போனாலும் அந்த ஒரு பாகத்தை மாற்றலாம். கிளாஸ் டியில் பெரும்பாலும் மாட்யூலையே மாற்ற வேண்டும், 20 வருடம் கழித்து அது கிடைக்குமா?

மாலைராகம்:
நன்றி. மீட்டரோடு போய்ப் பார்க்கிறேன். கப்பாசிட்டர் செலவைக் கழித்துக்கொண்டு தந்தால் கிரெல், இல்லையென்றால் பியூரிஃபை.