ஜிஸ்ட் கட்டிக்கு இமாட்டினிப் உட்கொள்ளும் அப்பாவுக்கு முள்சீத்தா, சீந்தில் கொடுக்கலாமா?

கேள்வி: மகள், மதுரை

வணக்கம். 62 வயதான என் அப்பாவுக்கு இரைப்பையில் இருந்த கட்டியைச் சென்ற மாதம் அறுவை செய்து அகற்றினார்கள். அது ஜிஸ்ட் எனப்படும் அரிய வகைப் புற்றுநோய் என்று திசுப் பரிசோதனையில் தெரிந்தது. மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், தினமும் இமாட்டினிப் 400 மி.கி. மாத்திரையை மூன்று ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காரமும் பரோட்டாவுமே காரணம் என்று உறவினர்கள் சொல்ல, அப்பா தம்மையே நொந்துகொள்கிறார். சித்தப்பாவோ முள்சீத்தா இலைப் பொடியும் சீந்தில் மாத்திரையும் வாங்கி வந்து, இவற்றைத் தொடங்கினால் மற்ற மருந்தை விட்டுவிடலாம் என்கிறார். நான் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மருந்தாளுநர், கோயம்புத்தூர்

சகோதரி, முதலில் அப்பாவின் மனச்சுமையை இறக்கி வையுங்கள். ஜிஸ்ட் கட்டி, குடலின் அசைவுக்குத் தாளம் கொடுக்கும் கஹால் செல்களின் வகையிலிருந்து தோன்றுவது. அவற்றில் கிட் என்ற மரபணு பிறழ்ந்து, வளரச் சொல்லும் கட்டளை ஓயாமல் ஒலிப்பதே பெரும்பாலான நோயாளிகளிடம் காரணம் என்று 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். எந்த உணவும் இதற்குக் காரணமாக நிறுவப்படவில்லை. அந்தக் கட்டளையை அடக்குவதுதான் இமாட்டினிப்.

இந்த மாத்திரையைச் சிதைப்பது கல்லீரலிலும் குடலிலும் உள்ள ஒரு நொதி. எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் பழம் அந்த நொதியை முடக்கி, இரத்தத்தில் மருந்தின் அளவை உயர்த்திவிடும். அதன் நெருங்கிய உறவான பம்பளிமாஸையும் தவிர்ப்பது நல்லது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் மஞ்சளில் உள்ள குர்க்குமினைச் செறிவூட்டி விற்கும் மாத்திரை வேறு பொருள். சீந்தில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். இமாட்டினிப்பே கல்லீரலைப் பாதிக்கக்கூடியது என்பதால், இரண்டும் சேர்ந்தால் பழி எதன் மேல் என்று அறியவே முடியாமல், தேவையான மாத்திரையை நிறுத்த நேரிடலாம். முள்சீத்தாவில் உள்ள அனோனாசின் நரம்புகளுக்கு நஞ்சாகக்கூடியது. மனிதரில் அது புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்குச் சான்று இல்லை.

பதில்: இதே மாத்திரையை இரண்டாண்டுகளாக உட்கொள்பவர், திருச்சி

சித்தப்பாவின் அன்பை மதியுங்கள். மாத்திரையை விடும் பேச்சை மட்டும் ஏற்காதீர்கள். முற்றிய ஜிஸ்ட் நோயாளிகளிடம் பிரான்சில் நடந்த ஓர் ஆய்வில், மருந்தை இடையில் நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு நோய் மீண்டும் வளர்ந்தது.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். இரவு இட்லியோ இடியாப்பமோ சாப்பிட்டவுடன், பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்குகிறேன்; வெறும் வயிற்றில் விழுங்கிய நாள்களில் குமட்டல் வாட்டியது. இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தவர் என்பதால் அப்பா சிறிது சிறிதாக ஆறு வேளை சாப்பிடட்டும். இரத்தத்தில் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் கண்ணைச் சுற்றி வீக்கமும் இரவில் கெண்டைக்கால் பிடிப்பும் எனக்கு வந்தன. எடை திடீரென்று கூடினால் அது உடலில் நீர் கோத்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். துணையாக எனக்கு உதவியவை மாலை நடையும், மருத்துவர் அனுமதித்த எளிய யோகப் பயிற்சியும், சமையலில் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்த இஞ்சியும்தான். சோர்வு வரும்போது, என்னைப் போன்றோர் 2001க்கு முன் பெரும்பாலும் அறுவையை மட்டுமே நம்பியிருந்தார்கள் என்பதை நினைத்துக்கொள்வேன்.

மரபணுப் பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். பிடிஜிஎஃப்ஆர்ஏ மரபணுவில் வரும் ஒரு குறிப்பிட்ட பிறழ்வுக்கு இமாட்டினிப் பலன் தருவதில்லை.

பதில்: மகள், மதுரை

இருவருக்கும் நன்றி. அறிக்கையைத் தேடி எடுத்தேன். கிட் மரபணுவின் 11ஆம் எக்ஸான் என்ற பகுதியில் பிறழ்வு என்று இருக்கிறது.

பதில்: மருந்தாளுநர், கோயம்புத்தூர்

இமாட்டினிப்புக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை அது, சகோதரி. அடுத்த முறை செல்லும்போது அந்தப் பொடியையும் மாத்திரை டப்பாவையும் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். சித்தப்பாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.