ஐப்பசி மழையில் வந்திறங்கிய ஆறுமணிக் குருவி

லஸ் நடையாளர்:
சென்னை நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்களுக்கு ஆறுமணிக் குருவியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: காலையும் மாலையும் ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும், வடக்கிலிருந்து வலசை வரும் பறவை அது. சென்ற ஐப்பசியில், இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்த விடியலில், வீடு திரும்பும் வழியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கண்ணாடிச் சுவருக்கு அடியில் அது விழுந்து கிடந்தது. உள்ளங்கையில் ஏந்தியபோது எடையே தெரியவில்லை. அடிவயிற்றின் குங்குமச் சிவப்பு நனைந்து ஒட்டியிருந்தது, துடிப்பு மட்டும் என் விரல்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தாகமாக இருக்கும் என்று அலகில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சற்று நேரத்தில் துடிப்பு நின்றுவிட்டது. வடக்கிலிருந்து இரவிரவாகப் பறந்து வந்த உயிரை நான்தான் கொன்றுவிட்டேனோ என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

அடையாறுவாசி:
எங்கள் மொட்டை மாடியிலும் ஒருமுறை விழுந்தது. பெட்டியில் வைத்தோம், மாலையில் பறந்துவிட்டது. தண்ணீர் புகட்டியது தவறு என்பதை மற்றவர்களுக்காகவாவது சொல்லியாக வேண்டும். மயங்கிய பறவையின் வாயில் விடும் நீர் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடக்கூடும். துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து, பறவையை வைத்து மூடி, காக்கையும் பூனையும் அண்டாத அமைதியான இடத்தில் விட்டுவிட வேண்டும்; அடிக்கடி திறந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் கூடாது. உள்ளே சலசலப்புக் கேட்டதும் மரங்கள் உள்ள இடத்தில் திறந்துவிடுங்கள். இறக்கை முறிந்திருந்தால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். பறவைகள் மோதாமல் இருக்க, கண்ணாடியின் வெளிப்புறத்தில் நெருக்கமாகப் புள்ளிகள் இட வேண்டும். பருந்து வடிவம் ஒன்றை மட்டும் ஒட்டிப் பயனில்லை.

சருகு:
அறிவுரை சரி, ஆனால் அந்தத் தொனியை நான் ஏற்கவில்லை. கண்ணாடியில் மோதும் பறவைக்குத் தலைக்குள்ளேயே இரத்தம் கசியக்கூடும். அதைப் பெட்டியும் காப்பாற்றியிருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அம்மா, நீங்கள் கொல்லவில்லை.

என்னை உறுத்துவது வேறு. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பூங்காவில், தூங்குமூஞ்சி மரத்தடியில், ஓர் ஆறுமணிக் குருவி சருகுகளை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டி வீசிக்கொண்டிருந்தது. மண்புழுவும் பூச்சியும் அந்த ஈரச் சருகுக்குள்தான் இருக்கின்றன. பெருக்குமாறு நெருங்க நெருங்க அது தத்தித் தத்தி விலகி, கடைசியில் கூட்டிவைத்த குவியலின் ஓரத்திலேயே வந்து நின்று ஒரு புழுவை இழுத்தெடுத்தது. மறுநாள் குவியலை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அன்று மாலை ஆறு மணிக்கு அந்த இரட்டைச் சீழ்க்கைக்காக இருட்டும்வரை நின்றேன், கேட்கவில்லை.