செர்ரி என்று வாங்கிய மரம் பூக்கிறது, காய் பிடிப்பதில்லை: என்ன செய்யலாம்?

தக்கலையிலிருந்து கேள்வி:
வணக்கம். நாற்றுப்பண்ணையில் செர்ரி என்று சொல்லித் தந்த கன்று, கொல்லையில் வாழைகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மேல் புதராகத் தழைத்து நிற்கிறது. மழை பெய்து ஓய்ந்ததும் கிளையெங்கும் இளஞ்சிவப்பாகப் பூக்கிறது; ஆனால் பூக்கள் பெரும்பாலும் உதிர்ந்துபோய், ஒன்றிரண்டு காய்களே பிடிக்கின்றன. செர்ரி குளிர்நாட்டு மரம், இங்கே காய்க்காது, வெட்டிவிடுங்கள் என்கிறார்கள் பக்கத்து வீட்டார். எனக்கு மனம் வரவில்லை. இது எந்த மரம்?

நாகர்கோவிலிலிருந்து மறுமொழி:
ஐயா, தயவுசெய்து வெட்ட வேண்டாம். காஷ்மீரிலும் இமாசலப் பிரதேசத்திலும் விளையும் செர்ரிக்கு, 7 பாகை செல்சியசுக்குக் கீழான குளிர் பல நூறு மணி நேரம் கிடைத்தால்தான் மொட்டுகள் ஒழுங்காக விழிக்கும். மார்கழியிலும் அந்தக் குளிரை அறியாத நம் ஊரில் அது இப்படிப் பூத்துக் குலுங்காது. இங்கே செர்ரி என்ற பெயரில் கிடைப்பவை வேறு மரங்கள். இலை பிசுபிசுப்பாக, ஓரம் பல்பல்லாக, பூ வெள்ளையாக இருந்தால் அது தெருவோரங்களில் நிழல் தரும் சிங்கப்பூர் செர்ரி. பழம் பூசணி போல வரிவரியாகப் புடைத்திருந்தால் சுரினாம் செர்ரி. அதற்கும் பூ வெள்ளைதான். இலைகள் எதிரெதிராக, ஓரம் வெட்டில்லாமல் இருக்கின்றனவா, பழத்துக்குள் எத்தனை விதைகள் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

தக்கலை:
இலைகள் எதிரெதிராகத்தான் உள்ளன, ஓரத்தில் வெட்டு இல்லை. பூவின் இதழ்கள் ஐந்தும் ஓரம் சுருங்கி, அடியில் காம்புபோல் ஒடுங்கியிருக்கின்றன. பழுத்த ஒரு பழத்தில் மூன்று விதைகள் இருந்தன, நல்ல புளிப்பு.

குலசேகரத்திலிருந்து மறுமொழி:
அப்படியானால் ஐயமே இல்லை, அது அசெரோலா எனப்படும் மேற்கிந்தியச் செர்ரி. வெப்பமண்டல மரம், நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்றது. காய் பிடிக்காததற்கு முக்கியக் காரணம் மகரந்தச் சேர்க்கை நடக்காமல் போவதாகவே இருக்க வேண்டும். இதன் பூ தேனுக்குப் பதிலாக எண்ணெயைச் சுரக்கிறது. அந்த எண்ணெயைத் தேடி வரும் அமெரிக்கக் கண்டத்துத் தேனீ வகைகள் இங்கே இல்லை. ஆகவே பூத்த அன்றே காலையில் மெல்லிய தூரிகையால் ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவின் சூல்முடியில் தடவுங்கள். வேறு ரகக் கன்று ஒன்றை அருகில் நட்டு, அதன் மகரந்தத்தையும் பயன்படுத்தினால் காய்ப்பு இன்னும் கூடும்.

வாழைக்கு நடுவே நிற்கிறது என்கிறீர்கள். அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. வேர்முடிச்சு நூற்புழு வாழையையும் தாக்கும், இந்த மரத்தை இன்னும் எளிதில் தாக்கும். மேல்வேரைச் சிறிது தோண்டிப் பாருங்கள். முடிச்சுகள் இருந்தால் வேப்பம்பிண்ணாக்கு இட்டு, வாழையைத் தள்ளி வைத்து, சுற்றிலும் கேந்தி (செண்டுமல்லி) நடுங்கள். வேர் ஆழமாகப் போகாத மரம் என்பதால், காற்றுக்குச் சாயாமல் முட்டுக் கொடுப்பதும், இரு பருவமழையிலும் அடியில் நீர் தேங்காமல் வடிய விடுவதும் அவசியம்.

தக்கலை:
மிக்க நன்றி. இரண்டு வேர்களில் சிறு முடிச்சுகள் தென்பட்டன, பிண்ணாக்கு இட்டுவிடுகிறேன். காய் பிடித்தால் எப்போது பறிப்பது?

குலசேகரம்:
பூத்த மூன்று நான்கு வாரங்களில் பழுத்துவிடும். பழுத்த பழம் வெளியில் வைத்தால் ஓரிரு நாளில் கெடும். எனவே உண்பதற்குச் சிவந்ததும் அன்றன்றே பறியுங்கள். வைட்டமின் சி பச்சைக் காயில்தான் மிகுதி என்பதால், ஊறுகாய்க்கும் சாற்றுக்கும் முன்னதாகவே பறித்துக்கொள்ளலாம்.