வெள்ளைப் பந்தின் இடத்தை மனத்தில் காண்பது எப்படி?

கேள்வி (அண்ணா நகர்):
வணக்கம். பூல் (மேசைமேல் வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து, அது மோதி மற்றப் பந்துகளைப் பாக்கெட்டில் விழச் செய்யும் ஆட்டம்) பழகி வருகிறேன். நேராக நிற்கும் பந்துகளைப் பாக்கெட்டில் இறக்கிவிடுகிறேன். ஆனால் சாய்வாக வெட்ட வேண்டிய (ஓரத்தில் மோதித் திசைதிருப்ப வேண்டிய) பந்துகளுக்கு எங்கே குறி வைப்பது என்பதும், அடித்த பின் வெள்ளைப் பந்து எங்கே போகும் என்பதும் பிடிபடவில்லை. விளக்க வேண்டுகிறேன்.

பதில் (மயிலாப்பூர்):
பாக்கெட்டின் நடுவிலிருந்து இலக்குப் பந்தின் (பாக்கெட்டில் விழ வேண்டிய பந்தின்) மையம் வழியாக மனத்தில் ஒரு கோடு இழுத்து, அக்கோட்டில் அந்தப் பந்தின் பின்புறத்தை ஒட்டி இன்னொரு பந்து இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். வெள்ளைப் பந்தின் மையம் சென்று சேர வேண்டிய இடம் அந்தக் கற்பனைப் பந்தின் மையமே. பந்தின் விட்டம் 57.15 மி.மீ. என்பதால், இலக்குப் பந்தின் மையத்திலிருந்து அதே தொலைவில் உங்கள் குறி அமையும். பலர் பந்துகள் தொட்டுக்கொள்ளும் புள்ளியை நோக்கியே அடிக்கிறார்கள். அதனால் வெட்டு குறைந்துவிடுகிறது. குறியை நின்றபடியே முடிவு செய்யுங்கள், குனிந்த பிறகு தேடாதீர்கள்.

பதில் (பெரம்பூர்):
மேலே சொன்னது மிகச் சரி. வெள்ளைப் பந்து சுழலின்றி வழுக்கி வந்து மோதினால், இலக்குப் பந்தின் பாதைக்கு ஏறத்தாழ 90 பாகையில் விலகும். இயல்பாக உருண்டு வந்தால், அடிக்கும் திசையில் பார்க்கையில் இலக்குப் பந்தின் கால் பங்கு முதல் முக்கால் பங்கு வரை எவ்வளவு மறையும்படி பட்டாலும், தான் வந்த திசையிலிருந்து சுமார் 30 பாகையே விலகும். இவ்வளவு பயனுள்ள விதி இந்த ஆட்டத்தில் வேறில்லை என்பேன்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மழைக்காலத்தில் பந்து மந்தமாக ஓடுவதும் இதைப் பாதிக்குமா?

பதில் (பெரம்பூர்):
பாதிக்கும். ஈரக்காற்றில் மேசைத்துணியின் உராய்வு கூடுவதால் வழுக்கல் விரைவிலேயே உருளலாக மாறிவிடும். எனவே தொலைவிலிருந்து 90 பாகை வேண்டுமென்றால், வெள்ளைப் பந்தை மையத்துக்குச் சற்றுக் கீழே அடியுங்கள்.