ஸ்லோ அசிட்டைலேட்டர்: தமிழில் எப்படி எழுதுவது?

அன்பர்களுக்கு வணக்கம். காசநோய் மருந்துகள் பற்றிய நோயாளிக் கையேடு நாளை மாலை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். 1952 முதல் புழங்கும் ஐசோநயசிட் என்னும் காசநோய் மருந்தைக் கல்லீரலில் என்ஏடி2 என்னும் நொதி, அசிட்டைல் என்னும் வேதித்தொகுதியை ஏற்றி மாற்றுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி மெதுவாக வேலை செய்யும்; அவர்களே ஸ்லோ அசிட்டைலேட்டர்கள். கால் மரத்துப்போவதும் கல்லீரல் பாதிப்பும் அவர்களுக்கு எளிதில் வரும். 'மந்த அசிட்டைலேற்றி' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

—

மந்தம் வடசொல். "அருந்தியது அற்றது போற்றி உணின்" என்கிறார் வள்ளுவர். அற்றது என்றால் செரித்தது. 'மருந்து' அதிகாரத்திலேயே நமக்கு வேண்டிய சொல் கிடக்கிறது! மெல் + அறல் = மெல்லறல். தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும். ஆளைச் சொல்ல, மெல்லறலர்.

—

ஐயா, அறல் என்றதும் ஆற்றுமணல் வரிதானே நினைவுக்கு வருகிறது? சங்கப் பாட்டில் கூந்தலுக்கு உவமை ஆயிற்றே.

—

நீர் அறுத்த மணல் அது. இரண்டுக்கும் வேர் 'அறு' என்றே கொள்கிறேன். விரிவாகத் தனிமடலில் எழுதுகிறேன்.

—

செவிலியர் வகுப்பு எடுப்பவள் நான். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு 'மெல்லறலர்' என்று படிப்பவர், மென்று தின்னச் சொல்கிறார்கள் என்றே நினைப்பார். 'மந்த'வும் வேண்டாம். அதைப் பலகையில் எழுதிய அன்று ஒரு மாணவி, "நோயாளியை மக்கு என்கிறோமா, மேடம்?" என்று கேட்டாள். மெது நொதிக்குத்தான், ஆளுக்கு இல்லை. 'மருந்து தங்கும் உடல்வாகு' என்று போடுங்கள். பக்கத்திலேயே, கால் மரத்தால் உடனே சொல்லவும், நரம்பைக் காக்கும் பி6 வைட்டமின் மாத்திரையை விடக் கூடாது என்றும் சேருங்கள்.

—

'தங்கும்' பாதி உண்மைதான், அம்மா. ஐசோநயசிட் மாறும் வழியில் அசிட்டைல்ஹைட்ரசீன் பிறக்கிறது. அதன்மேலும் அசிட்டைல் ஏற்றித் தீங்கில்லாமல் ஆக்குவது இதே என்ஏடி2தான். அது மெதுவானால், வேறு நொதிகள் அதைப் பிடித்துக் கல்லீரல் செல்லைத் தாக்கும் பொருளாக்கிவிடும். தங்குவது மருந்து மட்டுமல்ல. 'மெதுநொதி உடல்வாகு' என்றால் இரண்டும் அடங்கும்.

—

ஏற்கிறேன்.

—

நானும். நேரமில்லை.

—

'வாகு' தமிழ்தானா என்று யாராவது பார்த்தீர்களா? மெல்லறலை நான் விடுவதாக இல்லை.

—

ஐயா, சொற்பட்டியலில் உங்கள் சொல்லையும் குறித்திருக்கிறேன். கையேட்டில் 'மெதுநொதி உடல்வாகு'. அடுத்தது மலேரியா மருந்தான ப்ரைமாகுவின். அந்த மருந்தால், ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவருக்குச் சிவப்பணுக்கள் உடைகின்றன. 'மெதுநொதி' அதற்குப் பொருந்தாது. இப்போதே சொல் தேடத் தொடங்குங்கள்.