பொருள்: ட்ரையேஜ் – ‘முதலாய்வு’ சரிப்படுமா?

வணக்கம். மென்பொருள் திட்டங்களில் பயனர்கள் பதியும் சிக்கல்களை முதலில் பார்த்துப் பிரிக்கும் வேலைதான் ‘ட்ரையேஜ்’. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் வந்த ஒரு கருத்துக்கு இது பதில்:

> ‘வகைப்படுத்தல்’ போதுமே, எல்லோருக்கும் உடனே புரியும்.

புரியும்தான். ஆனால் வகைப்படுத்துவது அந்த வேலையில் ஒரு பகுதி மட்டுமே. ‘உள்நுழைய முடியவில்லை’ என்று ஒரே வரியில் ஒரு சிக்கல் வந்து விழுகிறது. எந்தப் பதிப்பு, எந்த உலாவி, ஒன்றும் இல்லை. பார்ப்பவர் முதலில் விவரம் கேட்கிறார். இதையே வேறு யாராவது முன்பே பதிந்திருக்கிறார்களா என்று தேடுகிறார். தம் கணினியில் அதை வரவழைக்கப் பார்க்கிறார். வழுவா (நிரல் பிழையா), புது வசதிக்கான கோரிக்கையா, வெறும் சந்தேகமா என்று லேபிள் ஒட்டுவது அப்புறம்தான்.

‘முன்னுரிமைப்படுத்தல்’ என்பதும் இடிக்கிறது. வழுக்களைப் பதியும் தளமான லாஞ்ச்பேடில் ‘ட்ரையேஜ்டு’ என்பது சிக்கலின் நிலை. முக்கியத்துவத்துக்குத் தனிப் புலம் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் திரையில் குழப்பம்தான்.

‘சலித்தல்’ பொருளளவில் அழகு. பெயர்ச்சொல்லாக்கினால் ‘சலிப்பு’ ஆகிவிடுகிறதே! பழைய சிக்கல்களை மாதக்கணக்கில் கிளறுபவர்களுக்கு அதுவும் பொருந்தும் என்பது வேறு கதை.

என் பரிந்துரை: முதலாய்வு. ஆய்தலுக்கு ஆராய்தல், தெரிந்தெடுத்தல் என இரண்டு பொருளும் உண்டு. இங்கே இரண்டும் வேண்டும். குபெர்னெட்டீஸ் என்ற திறமூல மென்பொருள் திட்டத்தில் புதுச் சிக்கலுக்குத் தானியங்கி ஒட்டும் ‘நீட்ஸ்-ட்ரையேஜ்’ லேபிளுக்கு ‘முதலாய்வு தேவை’ என்று வைக்கலாம். நிரல்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ட்ரையேஜ் என்றொரு பொறுப்பே இருக்கிறது: லேபிள் ஒட்டலாம், சிக்கலை மூடலாம், நிரலில் மட்டும் கைவைக்க முடியாது. அவர் முதலாய்வாளர். ஆய்வேடுகளில் வரும் ‘முதற்கட்ட ஆய்வு’ நினைவுக்கு வரும் என்பார்கள். வந்தால் வரட்டும், இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

இதைவிட எனக்குக் கவலை, அடுத்த படிகளின் சொற்கள்தான். நம் மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘அக்செப்டட்’, ‘அப்ரூவ்டு’ இரண்டும் ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்றே இருக்கின்றன. வலைத்தளம் கட்டப் பயன்படும் ஜாங்கோ என்ற மென்பொருள் திட்டத்தில் ஒரு சிக்கல் ‘அக்செப்டட்’ ஆனால், பிரச்சினை உண்மையானது, தீர்க்கத் தகுந்தது என்று மட்டுமே பொருள். அப்போது ஒரு வரி நிரல்கூட எழுதப்படாமல் இருக்கலாம். பிறகு யாராவது திருத்தம் எழுதி, எழுதியவரல்லாத இன்னொருவர் அதைச் சரிபார்த்தால்தான் ‘ரெடி ஃபார் செக்கின்’ (நிரலில் சேர்க்கத் தயார்) நிலைக்குப் போகும். அதன் பிறகும் அதை இணைக்கும் உரிமை உள்ளவர் ஒருமுறை பார்ப்பார். முதல் படியிலேயே ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்று எழுதினால், சிக்கலைப் பதிந்தவர் அடுத்த வெளியீட்டிலேயே சரியாகிவிடும் என்று காத்திருப்பார். வரவில்லை என்றதும் அவர் கோபிப்பது முதலாய்வாளரிடம்.

ஆகவே சிக்கலுக்கு ‘ஏற்பு’, திருத்தத்துக்கு ‘ஒப்புதல்’ என்று பிரித்துவிடலாம். ‘ஏற்கப்பட்டது’ என்பதில் வாக்குறுதியின் வாடை குறைவு. ஜாங்கோவில் ‘சம்டே/மேபீ’ என்றும் ஒரு நிலை உண்டு. அதற்கு ‘பார்க்கலாம்’ என்பதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தோன்றவில்லை.

‘முதலாய்வு’க்கு மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள், ‘-ஆளர்’, ‘தேவை’, ‘முடிந்தது’ மூன்றோடும் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு. ‘அங்கீகரிக்கப்பட்டது’ வரும் இடங்களை இதற்கிடையில் நான் தனியே குறித்துவைக்கிறேன்.